ஜீப்புகளா, ஜீப்பா? கார் பெயருக்குப் பன்மை

கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப் போகிற வண்டியை எங்கள் பக்கம் யாரும் ‘ஜீப்புகள்’ என்று சொல்வதில்லை. “அஞ்சு ஜீப்பு மேல போயிருச்சு” என்பார்கள். எல்லை தாண்டினாலும் மலையாளத்தில் ‘அஞ்சு ஜீப்பு போயி’தான். எழுத உட்கார்ந்தால் மட்டும் ‘ஐந்து ஜீப்புகள் சென்றன’ என்று வந்துவிடுகிறது. தப்பில்லை, ஆனால் தேவையும் இல்லை.

இதற்கு இலக்கணத்திலேயே இடம் உண்டு. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் பெயரைப் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்பார்கள். மாடு வந்தது, மாடு வந்தன. எண்ணிக்கையை வினை காட்டிவிடும், இல்லையென்றால் முன்னால் நிற்கும் எண் காட்டிவிடும். அஃறிணைக்குக் ‘கள்’ விருப்பம்போல் சேர்ப்பதுதான்.

ஜீப் என்பதே ஒரு வணிகப்பெயர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை ஓட்டிய வண்டி அது. 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே பாகம் பூட்டி விற்கத் தொடங்கியது. மலைப்பாதைக்குத் தோதாக இருந்ததால் பெயர் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. அதனால் ‘ஜீப்புகள்’ காதில் உறுத்துவதில்லை.

மற்றப் பெயர்கள் அப்படியில்லை. ‘மாருதிகள் வரிசையாக நின்றன’ என்று படித்தால் எனக்கு அனுமார் கூட்டம்தான் தெரிகிறது. ‘மஹிந்திராக்கள்’ என்றால் ஒரு குடும்பம். ‘அம்பாசிடர்கள்’ என்றால் தூதர்கள் வந்து இறங்குகிறார்கள். சிறப்புப் பெயரோடு ‘கள்’ ஒட்டினால் ஆளைச் சொல்வதுபோல, சில சமயம் கேலிபோலக்கூட ஆகிவிடுகிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமில்லை. டொயோட்டா 2011இல் அமெரிக்காவில் ‘பிரியஸ்’ காருக்குப் பன்மை என்ன என்று வாக்கெடுப்பே நடத்தியது. ஜெயித்தது ‘பிரிஐ’. லத்தீனில் ‘பிரியஸ்’ என்றால் ‘முன்னால்’. ‘அஸ்’ என்று முடிவதைப் பார்த்து, அதை ‘ஐ’ ஆக்கினால் லத்தீன் பன்மை என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு லத்தீன் பன்மை ‘பிரியோரா’. அந்தப் பெயரில் ரஷ்யாவின் லாடா ஒரு கார் விற்றது!

கட்டாயம் ஒட்டத்தான் வேண்டுமென்றால் நம் சொற்களே வழிகாட்டும். விழாக்கள் மாதிரி இன்னோவாக்கள், பஸ்கள் மாதிரி பிரியஸ்கள். ‘ஜீப்புக்கள்’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டியதில்லை.

என் கட்சி இதுதான்: பெயரைத் தொடாதீர்கள், பன்மையைப் பொதுச்சொல்லில் வையுங்கள். இன்னோவா கார்கள், மாருதி வண்டிகள், அம்பாசிடர் கார்கள். தனித்தமிழில் எழுதுபவர் மகிழுந்துகள் என்றோ சீருந்துகள் என்றோ போடலாம், ஆனால் இன்னோவா இன்னோவாவாகவே இருக்கட்டும். எண் வந்துவிட்டால் அதுவும் வேண்டாம்: ‘மூன்று இன்னோவா நின்றன’ போதும்.