இண்டிபெண்டியென்டே ‘விடுதலை அணி’ இல்லை, சுயேச்சை

அர்ஜென்டினாவின் இண்டிபெண்டியென்டே கால்பந்துக் கழகத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றில் ‘விடுதலை அணி’ என்று எழுதியதை மறுபடியும் படித்துத் தொலைத்தேன். அடுத்த வரி இன்னும் மோசம்: ‘விடுதலை அணி விடுதலைக் கோப்பையை ஏழு முறை வென்றது.’ படிக்கிறவனுக்கு என்ன புரியும்?

வேர் எளிதுதான். லத்தீனில் ‘பெண்டெரே’ என்றால் தொங்குதல். எதையும் பிடித்துத் தொங்காமல் நிற்பது இண்டிபெண்டியென்டே. அவர்கள் தொங்குவதை வைத்துச் சொன்னதை, கொடி கொம்பைச் சார்வதைப் பார்த்த நாம் ‘சார்பு’ என்கிறோம். அவ்வளவுதான்.

அர்ஜென்டினா 1816இல் விடுதலையை அறிவித்தது, பெயர் அதிலிருந்து வந்திருக்கும் என்று மொழிபெயர்த்தவர் நினைத்திருக்கலாம். கழகம் பிறந்ததோ 1905 ஜனவரி 1 அன்று. புவெனஸ் ஐரஸில் லண்டன் நகரத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கடை இருந்தது, கடைக்கு ஒரு அணியும் இருந்தது. அங்கே வேலை பார்த்த சின்னப் பையன்களுக்கு அந்த அணியில் இடம் இல்லை, பெரியவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்கலாம். போங்கடா என்று பிரிந்துபோய்த் தனி அணி கண்டார்கள். இதில் நாடும் இல்லை, போரும் இல்லை. கட்சியில் சீட் கிடைக்காமல் தனியாக நிற்கிறவரை நாம் என்ன சொல்வோம்? சுயேச்சை! ஊரில் டீக்கடை வரைக்கும் தெரிந்த சொல்லை விட்டுவிட்டு ஏன் விடுதலைக்கு ஓட வேண்டும்?

சுயேச்சை வடசொல் ஆயிற்றே என்று சண்டைக்கு வருவார்கள். சரி, ‘சார்பிலார்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பு இல்லை. ‘சார்பற்ற அணி’ மட்டும் வேண்டாம், நடுநிலை வகிக்கிற அணி போல, நடுவர் வேலைக்குப் போகிற கூட்டம் போல இருக்கிறது. ‘தன்னாட்சி அணி’ என்பது பல்கலைக்கழக நெடி. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, பெயர் வைத்தவன் யார், எதற்கு வைத்தான் என்று பார்க்காமல் போவதுதான் இப்போதைய மொழிபெயர்ப்பு.

விடுதலை என்ற சொல்லைக் கோப்பைக்கு விட்டுவிடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை. தென் அமெரிக்கக் கழகங்கள் மோதும் அந்தக் கோப்பையின் பெயர் ‘கோபா லிபர்டடோரஸ்’. ‘லிபர்டடோரஸ்’ என்பது சான் மார்ட்டின், பொலிவார் போன்று தென் அமெரிக்க விடுதலைக்குப் போரிட்ட ஆட்களைக் குறிக்கிறது, ஆகவே ‘விடுதலை வீரர்கள் கோப்பை’ என்பதே சரி. அந்தக் கோப்பையை இந்தச் சுயேச்சைகள் 1964, 1965, அப்புறம் 1972 முதல் 1975 வரை தொடர்ந்து நான்கு முறை, கடைசியாக 1984இல் என்று ஏழு தடவை தூக்கியிருக்கிறார்கள். ஏழும் வேறு யாரிடமும் இல்லை, தொடர்ச்சியான அந்த நான்கும் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. 1973இல் ரோமுக்கே போய் இத்தாலியக் கழகமான யுவென்டஸை 1-0 என்று வீழ்த்தி, கண்டங்களுக்கு இடையிலான கோப்பையையும் கொண்டுவந்தார்கள், கோல் அடித்தவர் போச்சினி. வேறு கழகத்துக்கே ஆடாதவர் அவர்.

இத்தனை கோப்பை வாங்கியதால் இவர்களுக்கு ‘ரேய் டி கோபாஸ்’ என்று பட்டம். இதைக் ‘கோப்பைகளின் பேரரசன்’ என்று பெருக்கி எழுதுகிறார்கள். ஸ்பானியச் சீட்டுக்கட்டில் கோப்பை ஒரு சாதிச் சீட்டு, அதன் ராஜாவுக்கும் இதே பெயர்தான், பட்டத்தின் குறும்பே அதில்தான் இருக்கிறது. இஸ்பேட் ராஜா என்று சொல்லிப் பழகிய வாய்க்குக் ‘கோப்பை ராஜா’ வராதா என்ன?