மாசு வாரிய இசைவாணை: சின்னப் பட்டறைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

எட்டுப் பேரை வைத்துப் பட்டறை நடத்திவந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் மின்வாரிய ஆட்கள் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்கள். மின்கட்டண பாக்கி ஒன்றும் இல்லை. மாசு கட்டுப்பாடு வாரியத்தின் உத்தரவு. வாரியத்தின் இசைவாணைக்கு, அதாவது தொழில் நடத்தும் அனுமதிக்கு, அவர் விண்ணப்பம் போட்டிருந்தார், பணமும் கட்டியிருந்தார். "அப்ளிகேஷன் போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ஏழு மாதமாக இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சட்டப் பின்னணி இரண்டு வரிதான். 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின்கீழும் தொழிற்சாலையை நிறுவ ஒரு இசைவாணை, இயக்க இன்னொரு இசைவாணை வாங்க வேண்டும். பேச்சில் எல்லாரும் 'கன்சென்ட்' என்பது இதைத்தான். எந்தத் தொழில் எவ்வளவு மாசு உண்டாக்கும் என்பதை வைத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள்.

வெள்ளையிலிருந்தே தொடங்குகிறேன், இப்போது அதிகம் பேர் ஏமாறுவது அங்கேதான். 2024 நவம்பரில் மத்திய அரசு வெள்ளை வகைத் தொழில்களுக்கு இசைவாணை தேவையில்லை என்று அறிவித்தது. "நமக்கு ஒன்றும் வேண்டாமாம்" என்று பலர் கோப்பை மூடி வைத்துவிட்டார்கள். ஆனால் விலக்கு கிடைப்பது தொழிலின் பெயருக்கு இல்லை, கொட்டகைக்குள் நீங்கள் செய்யும் வேலைக்கு. சைக்கிள் பாகங்களைப் பூட்டிச் சேர்ப்பது வெள்ளை. அதே கொட்டகையின் மூலையில் ஒரு முலாம் பூசும் தொட்டி வைத்தால் சிவப்பு. ஆர்டர் வந்ததே என்று ஒரு தொட்டியோ கொதிகலனோ சேர்ப்பவர்கள் அன்றைக்கே தங்கள் வகையைத் திரும்பப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே வெள்ளைதான் என்றாலும் வாரியத்துக்கு எழுத்தில் தெரிவித்து, தெரிவித்ததற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கேட்கும்போது வாய்வார்த்தை எடுபடாது.

இன்னொன்று, இசைவாணைக்கு விலக்கு என்றால் கழிவு விதிகளுக்கும் விலக்கு என்று அர்த்தம் இல்லை. இயந்திரத்திலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய் அபாயக் கழிவுதான். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அதை 90 நாளுக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. காயலான் கடைக்காரர் வந்து பீப்பாயை எடுத்துப் போவது கணக்கில் சேராது.

சரி, இசைவாணை வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த அரசாணை 213, பட்டியலிட்ட மாசு மிகுந்த தொழில்களை நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அனுமதிப்பதில்லை. காவிரி, பாலாறு, வைகை, தாமிரபரணி போன்ற ஆறுகளுக்கு 1998-இன் அரசாணை 127 அதை 5 கிலோமீட்டர் ஆக்கியது. "அந்தக் குளத்தில் தண்ணீர் பார்த்து முப்பது வருஷம் ஆச்சு" என்று சொல்லிப் பயனில்லை. அதிகாரி குளத்தைப் பார்க்கப் போவதில்லை, வருவாய்த்துறைப் பதிவேட்டைப் பார்ப்பார். கொட்டகையின் சர்வே எண்ணைக் கிராம வரைபடத்தில் வைத்துப் பார்க்க அரை நாள் ஆகும். அதைச் செய்யாமல் மூன்று வருட வாடகை ஒப்பந்தம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிறுதொழிலுக்கான உதயம் பதிவுச் சான்றும் ஊராட்சி உரிமமும் இங்கே இசைவாணைக்குப் பதிலாகாது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். பெரிய விபத்துகள் நடப்பதும் அதில்தான். பல ஏஜென்ட்கள் தங்கள் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டு உங்கள் பெயரில் கணக்கு திறக்கிறார்கள். வாரியம் கேட்கும் விளக்கம் அவர் பெட்டிக்குப் போகும். அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். பதில் வரவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடும். உங்களுக்கு விஷயம் தெரியும்போது மாதங்கள் ஓடியிருக்கும். கடவுச்சொல்லும் கணக்கில் பதியும் செல்போன் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜென்ட் கோபித்துக்கொண்டால் வேறு ஏஜென்ட் பாருங்கள்.

மின்சாரம் போன அந்த நண்பருக்கு நடந்தது இதுதான். "நாலு மாதம் தாண்டினால் தானாக அனுமதி கிடைத்ததாக அர்த்தம்" என்றும் அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். பாதி உண்மை. தண்ணீர்ச் சட்டத்தின் 25(7) பிரிவு அப்படித்தான் சொல்கிறது, ஆனால் எல்லா வகையிலும் முழுமையான விண்ணப்பத்துக்கு மட்டும். ஒரு சான்றிதழ் குறைகிறது என்று ஒரு கேள்வி நிலுவையில் இருந்தால், விண்ணப்பம் முழுமையாகவே இல்லை, நாலு மாதக் கணக்கே தொடங்கவில்லை என்பார்கள். காற்றுச் சட்டம் நாலு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று வாரியத்துக்குச் சொல்கிறது, எடுக்காவிட்டால் தானாக அனுமதி என்று சொல்லவில்லை. கொதிகலனோ புகைபோக்கியோ இருக்கிற ஆலைக்கு அந்த நம்பிக்கை பாதிக் குடைதான்.

கட்டணம் உங்கள் நிலைச் சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு ஆடிட்டர் சான்று கேட்பார்கள். கட்டணம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும், மாத உற்பத்தியைக் குறைத்து எழுதுவதும் பழைய வழக்கம். பிறகு ஜிஎஸ்டி கணக்கில் மூன்று மடங்கு உற்பத்தி தெரியும். அப்போது நீங்கள் அனுமதியில்லாமல் விரிவாக்கம் செய்தவர் ஆகிவிடுகிறீர்கள். இரண்டு வருடத்தில் எவ்வளவு ஓட்டுவீர்களோ அதை இன்றைக்கே எழுதுங்கள்.

ஆய்வுக்கு வருபவர் வாயால் சொல்வதையெல்லாம் நம்பிச் செலவு செய்யாதீர்கள். ஒரு அலுவலகத்தில் ஒருவர் புகைபோக்கியை உயர்த்தச் சொன்னார். உயர்த்தி முடித்தபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். அடுத்து வந்தவருக்கு வேறு இடத்தில் வேண்டுமாம். "ஐயா, இதை இணையதளத்தில் கேள்வியாகப் போட்டுவிடுங்கள், பதில் கொடுத்துவிடுகிறேன்" என்று மரியாதையாகக் கேட்டால் பாதி நிபந்தனைகள் காணாமல் போகும்.

ஆணை கையில் வந்ததும் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன் பின்பக்கங்களைப் படியுங்கள். நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும், முடியும் தேதி போட்டிருந்தால் அதுவும் அங்கேதான். அப்படித் தேதி இருந்தால், இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். வருடா வருடம் அபாயக் கழிவுக் கணக்கு ஜூன் 30-க்குள், சுற்றுச்சூழல் அறிக்கை செப்டம்பர் 30-க்குள் போக வேண்டும். இவற்றை அனுப்பும்படி யாரும் நினைவூட்ட மாட்டார்கள், அனுப்பாததைப் புதுப்பிக்கும்போது மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறல்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். ஜெயில் இல்லை என்று மகிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். முன்பு வழக்குப் போட யோசித்த அலுவலகத்துக்கு அபராதம் போடுவது எளிது.

இசைவாணையை மறுத்துவிட்டால், அந்த மறுப்பு ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்கே நடந்து "ஐயா, மறுபடி பாருங்க" என்று கேட்பதில்தான் அந்த 30 நாள் கரைகிறது. அங்கே கெஞ்சுவதில் தப்பில்லை, ஆனால் மனு அதே வாரம் போய்விட வேண்டும். தபால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள், அதில் தேதி முத்திரை இருக்கிறது.