கவிழ்ந்த ஸீரோவும் கார்புரேட்டர் மிதவையும்

சிங்கப்பூரின் முழுமைத் தற்காப்பு நாளையொட்டி 1942ஆம் ஆண்டைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர், விழுந்து கிடந்த எதிரி விமானத்தைச் சேற்றிலிருந்து மீட்க ஏன் அத்தனை பாடுபட்டார்கள், படம் பிடித்திருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறார். சிங்கப்பூர் வீழ்ந்த அந்த ஆண்டில், ஜப்பானியக் கடற்படையின் ஸீரோ போர் விமானத்தை வெல்லவே முடியாது என்ற பேச்சு நேச நாட்டு விமானிகளிடையே பரவியிருந்தது. அளந்து பாராத அச்சம் மூடநம்பிக்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்பது என் கருத்து.

ஜூன் மாதம் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளைத் தாக்கிய ஸீரோ ஒன்றின் எண்ணெய்க் குழாயில் குண்டு பட்டது. புல்வெளி என்று நம்பி விமானி தடாயோஷி கோகா இறங்கிய இடம் சதுப்பு நிலமாக இருந்ததால், சக்கரங்கள் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது, அவர் இறந்தார். அவர் உயிரோடிருக்கக்கூடும் என்று எண்ணிய தோழர்கள், விமானத்தைச் சுட்டு அழிக்காமல் திரும்பினார்கள். ஜூலையில் அதைக் கண்டுபிடித்த அமெரிக்கர்கள் சான் டியேகோவுக்குக் கொண்டுசென்று செப்பனிட்டு, செப்டம்பர் 20 அன்று பறக்கவிட்டார்கள்.

படத்தில் இறக்கையின் நீளம் தெரியும். என்ஜின் எப்போது திணறும் என்பது தெரியாது. ஸீரோவின் கார்புரேட்டருக்குள், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குத் தரும் கருவிக்குள், ஒரு சிறு கிண்ணம் உண்டு. கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதைப் போன்ற மிதவை, பெட்ரோலின் மட்டம் உயர்ந்தால் வால்வை மூடும், தாழ்ந்தால் திறக்கும். அடியிலுள்ள நுண்துளை வழியாக என்ஜின் அதை உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோல் எப்போதும் அடியிலேயே தங்கும் என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு இது. விமானி கட்டுப்பாட்டுக் கோலைச் சட்டென்று முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்தினால், விமானம் தானே விழும் பொருளைவிட வேகமாகக் கீழ்நோக்கி முடுகுகிறது. அப்போது அவருடைய உடல் இருக்கையைவிட்டு எழும்பி வார்ப்பட்டையை இழுக்க, பெட்ரோலும் கிண்ணத்தின் மேற்பக்கத்துக்குத் தாவுகிறது. துளைக்குக் கிடைப்பது வெறும் காற்று, என்ஜின் அடங்குகிறது.

சிங்கப்பூரைக் காக்க வந்த ஹரிக்கேன் விமானங்களில் இருந்த பிரிட்டிஷ் மெர்லின் என்ஜின் வகைக்கும் முன்பு இதே குறை இருந்தது. அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: நிலைகுலைந்த மிதவை வால்வை முழுதாகத் திறந்துவிட, அடுத்த கணமே பெட்ரோல் வெள்ளமாகப் பாய்ந்து என்ஜினை மறுபடியும் மூச்சுத்திணற வைக்கும். பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் 1941இல், வரும் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்த, துளையிட்ட சிறு உலோகத் துண்டொன்றைக் குழாயில் பொருத்தி இந்த இரண்டாவது தொல்லையைத் தணித்தார். இத்தகைய அற்பத் துண்டுகளுக்கான ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் நிர்வாகிகளை இன்றும் பார்க்கலாம்.

சான் டியேகோ சோதனையில் மற்றொன்றும் தெரிந்தது. வேகம் 200 நாட் (knot) அளவைத் தாண்டினால், அதாவது மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டருக்கு மேல், ஸீரோவை இடமோ வலமோ உருளச் செய்யும், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் மடிப்புகள் விறைத்துப்போயின. இடப்பக்கம் உருள்வதைவிட வலப்பக்கம் உருள்வது அதற்குக் கடினமாக இருந்தது. ஆகவே அமெரிக்க விமானிகளுக்குச் சொல்லப்பட்ட உபாயம் எளிது: பின்னால் ஸீரோ வந்தால் மூக்கைச் சட்டெனத் தாழ்த்திப் பாய வேண்டும், வேகம் ஏறியதும் வலப்பக்கம் உருள வேண்டும்.