ஒரு அலையாத்திக் கன்று ராமேஸ்வரம் பயணத்தை ஈடுகட்டுமா?

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காரில் போய்த் திரும்ப ஏறக்குறைய 1,120 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டி என்றால் 75 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. மொத்தம் 170 கிலோவைத் தாண்டும்.

இதற்குப் பரிகாரமாக "ஒரு அலையாத்திக் கன்றுக்குப் பணம் கட்டுங்கள்" என்று கேட்கிறார்கள். அலையாத்திக் காட்டின் மண்ணில் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 6 டன் கரியமில வாயு புதைகிறது. இது உலகச் சராசரி. மீட்டருக்கு ஒரு கன்று என்று நட்டால் ஹெக்டேருக்கு 10,000 கன்று. ஒரு கன்றின் பங்கு 600 கிராம். தண்டிலும் வேரிலும் சேர்வதைக் கூட்டினாலும் ஓரிரு கிலோதான். 170 கிலோவை ஒரே கன்று அடைக்க ஒரு தலைமுறை போதாது. பெட்ரோல் எரிந்த புகையோ இன்றே காற்றில் கலந்துவிட்டது.

அதுவும் கன்று பிழைத்தால்தான். தொண்டி, காரங்காடு, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடாவில் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்கும் அளவு) ஒரு மீட்டரைக்கூட எட்டாது. தரை ஒரு சாண் உயர்ந்திருந்தால் தண்ணீர் ஏறாது. பள்ளமாக இருந்தால் ஏறியது வடியாது. மழையும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். சித்திரையில் தேங்கிய நீர் வற்றி மண்மேல் உப்பு பூத்துக் கிடக்கும். வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை தாங்கும்: அதன் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்புப் பொடி ஒட்டும், உள்ளே போன உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளுகிறது. சுரபுன்னை என்ற இன்னொரு வகைக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு இல்லை, வாய்க்கால் ஓரத்தை விட்டுத் தள்ளி நட்டால் கருகும்.

அதனால் கன்றுக்கு முன் வாய்க்கால் வெட்ட வேண்டும். முகத்துவாரத்திலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகக் கிளைகள், கிளையின் சரிவில் ஓத நீர் தொட்டுப்போகும் மட்டத்தில் நடவு. ஒவ்வொரு மழைக்கும் கரை சரிந்து வாய்க்கால் தூர்ந்துபோகும். தூர்வாரப் பணம் ஒதுக்காத திட்டத்தில் ஓரிரு கோடையிலேயே கன்றுகள் குச்சியாகிவிடும். மீதியை ஆடு மேயும்.

கடற்புல் படுகையில் ஊன்றுவது இன்னும் கேடு. ஆவுளியா (கடல் பசு) மேய்வதும், இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வதும் அங்கேதான். அந்த மண் ஏற்கெனவே கார்பனைப் பூட்டி வைத்திருக்கிறது. எப்போதும் நீர் நிற்கும் இடத்தில் கன்று பிழைக்காது. மிதிபட்ட புல்லும் போகும்.

கன்று பிழைத்தாலும் கேள்வி முடியவில்லை. உங்கள் பணம் வராவிட்டாலும் அந்தக் காடு வந்திருக்குமா? 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த மிஷ்டி திட்டத்தின் கீழ் அலையாத்தி நடவுக்கு அரசே பணம் தருகிறது. அப்படி நட்டதையே உங்களிடமும் விற்றால் ஒரே மரம் இரண்டு கணக்கில் ஏறும். சூரிய மின்சாரத்தைக் காட்டி விற்கும் கார்பன் கிரெடிட்டிலும் (கரியமில வாயு குறைந்ததற்கான சான்று) இதே சிக்கல். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ளதுபோன்ற பெரிய சூரிய மின் ஆலைகள் மின்சாரம் விற்றே வருமானம் ஈட்டும். இதனால்தான் கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் வெர்ரா பதிவகம் 2020 முதல், மிகவும் பின்தங்கிய நாடுகள் தவிர மற்ற இடங்களில், மின்கட்டமைப்போடு இணைந்த இத்தகைய திட்டங்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த தொகுப்பாய்வு, சுமார் 100 கோடி டன்னுக்கான கார்பன் கிரெடிட்டுகளை அலசி, அதில் 16 சதவீதத்துக்கும் குறைவானதே உண்மையான குறைப்பு என்றது.

ஆகவே கிரெடிட் வாங்குகிறவர்கள் சான்றிதழின் படத்தைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன். அதற்கு வரிசை எண் உண்டு. அந்த எண்ணைப் பதிவகத்தின் தளத்தில் போட்டு, இன்னொருவருக்கு விற்க முடியாதபடி உங்கள் பெயரில் நிரந்தரமாக நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்த ஆண்டின் குறைப்பு என்பதும் அங்கே இருக்கும். இனிமேல் வளரப்போகும் மரத்துக்கு இன்றே கிரெடிட் என்றால் வாங்காதீர்கள்.

எங்கள் கருத்தில், இந்தக் கரையில் கன்றுக்குக் கொடுக்கும் பணம் நல்ல நன்கொடை. அதைப் பயணக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளக் கூடாது. கணக்கு குறைய வேண்டுமென்றால் எழும்பூரில் ரயில் ஏறுங்கள். நன்கொடை கொடுப்பதானால் வாய்க்கால் தூர்வாரவும் ஆடு புகாமல் பார்க்கும் உள்ளூர் ஆளின் கூலிக்கும் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். படம் கேட்டால் நடவு நாளின் படம் வேண்டாம். மூன்றாவது சித்திரையில், அதே இடத்தில் நின்று எடுத்ததைக் கேளுங்கள்.