பிறப்புப் பதிவு: 42 நாளுக்குள் முடிக்காவிட்டால் இழுபாடுதான்

இலங்கையில் பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் அது காலங்கடந்த பதிவு, அதற்குப் பிரகடனம் (எழுத்தில் கொடுக்கிற உறுதிமொழி), அத்தாட்சி என்று தனிப் பைல் திறப்பார்கள். சட்டம் அவ்வளவுதான். சனம் இழுபடுவது வேறு இடங்களில்.

முதலில், எந்தப் பதிவாளர் என்பது. நீங்கள் குடியிருக்கிற இடத்துப் பதிவாளர் இல்லை, பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளர். வாகரைத் தாய்க்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சிசேரியன் என்றால் பதிவும் ரவுணில்தான். இது தெரியாமல் துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்குப் போய், தையல் காய்ந்த பிறகு சொந்தப் பிரதேச செயலகத்துக்குப் போனால் "இங்க இல்ல, மண்முனை வடக்குக்குப் போங்க" என்று மட்டக்களப்பு ரவுண் செயலகத்துக்கு அனுப்புவார்கள், பச்சை உடம்புக்காரி திரும்பவும் பஸ் ஏற வேண்டும். வார்டை விட்டு வெளிக்கிடமுதலே பதிவாளர் எங்கே இருப்பார், எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு வையுங்கள்.

அடுத்தது பெயர். நம்ம ஆட்கள் முப்பத்தோராம் நாள் கழியாமல் பெயர் வைப்பதில்லை. பிறகு சாத்திரியார், எண் பார்க்கிறவர், பெரியம்மா என்று ஆளுக்கொரு எழுத்துச் சொல்ல, மிச்சமிருக்கிற 11 நாளும் ஓடிவிடும். பெயர் முடிவாகாவிட்டால் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம். கேட்காதவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை, "பெயரோட வாங்க" என்று திருப்பி அனுப்புவது லேசான வேலை.

ஆனால் அதிகம் பேர் அழுவது தகப்பன் பெயரில்தான். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டிருந்தாலும் எழுத்து வைக்காவிட்டால், அதாவது விவாகத்தைப் பதியாவிட்டால், பதிவாளருக்கு நீங்கள் கல்யாணம் முடிக்காதவர்கள். அப்போது தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் தகப்பன் பெயர் ஏறும். ஆள் கட்டாரில் நின்றால்? அந்தக் கட்டம் வெறுமையாகவே போகும். கல்யாண அல்பத்தை மேசையில் விரித்து வைத்து அழுத ஒரு தாயை நான் கண்டிருக்கிறேன். அல்பம் அங்கே செல்லாது. ஆள் பிளேன் ஏறமுதல் எழுத்தை முடியுங்கள், விவாகச் சான்றிதழ் கையில் இருந்தால் தாய் தனியாகப் போயே தகப்பன் பெயரையும் பதியலாம்.

கையெழுத்து வைக்கமுதல் எழுதியதை எழுத்தெழுத்தாக வாசியுங்கள், பின்னால் நிற்கிறவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. தாயின் அடையாள அட்டையில் 'இராஜேஸ்வரி', பிள்ளையின் பதிவில் 'ராஜேஸ்வரி' என்றால் அதைத் திருத்தப் பிரகடனம், சமாதான நீதவான் ஒப்பம் என்று அலைய வேண்டிவரும். திருக்கோவில், அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தாய்மாருக்கு அம்பாறை ஆஸ்பத்திரியில் பிள்ளை கிடைத்தால் பெயர்களைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொண்டு போங்கள். சிங்களத்தில் பதிவானால் யாழினி மொழிபெயர்ப்பில் யாலினியாகத் திரும்பி வருவாள்.

மூன்று மாதம் தாண்டியவர்கள், பிள்ளை பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டு, உங்கள் சொந்தச் சான்றிதழ்கள் எல்லாம் வேண்டும். முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த விண்ணப்பம் வரும்வரை இதைத் தள்ளிப் போடாதீர்கள். காசு கேட்டால் ரசீது கேளுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு கடதாசிக்கும் போட்டோ கொப்பி எடுத்து, அதில் திகதி முத்திரை வாங்குங்கள், ஏனென்றால் பைல் தவறிப்போனால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவது நீங்கள்தான், அவர்கள் இல்லை.