சக்காகானே: ஒரு தாகத்தின் பெயர்

ஈரானின் நவீன ஓவியத்தைப் பற்றிப் படிக்கப் போனால் சீக்கிரமே எதிர்ப்படும் சொல் சக்காகானே. '1960களின் கலை இயக்கம்' என்று விளக்கம் சொல்வார்கள். சரிதான். ஆனால் விஷயமே பெயருக்குள்தான் இருக்கிறது.

'சக்கா' அரபுச் சொல். தோல்பையில் தண்ணீர் சுமந்து வந்து தருபவர் என்று பொருள். கஜல்களில் மது ஊற்றும் 'சாகி'யும் இதே வேரில் பிறந்ததுதான். 'கானே' பாரசீகம், வீடு. தவாகானா, ஜிம்கானாவில் நாம் கேட்ட அதே கானாதான்.

டெஹ்ரானின் பழைய தெருச் சுவரில் ஒரு மாடம். முன்னால் உலோகக் கிராதி, உள்ளே தண்ணீர்த் தொட்டி, ஒரு பித்தளைக் கிண்ணம். கிராதியில் வேண்டுதலுக்குக் கட்டிய துணித் துண்டுகள், மாட்டிய பூட்டுகள். கீழே உருகி வழிந்த மெழுகுவத்தி. இதுதான் சக்காகானே. கி.பி. 680இல், இன்றைய இராக்கில் உள்ள கர்பலாவில், நபிகள் நாயகத்தின் பேரர் இமாம் ஹுசைனின் கூட்டத்தாருக்கு யூப்ரடீஸ் ஆற்றுத் தண்ணீர் மறுக்கப்பட்டது. அவர்களுக்காகத் தண்ணீர் எடுக்கப் போன தம்பி அப்பாஸின் இரண்டு கைகளும் வெட்டப்பட்டன. அந்தத் தாகத்தை நினைத்துத்தான் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைத்தார்கள். அங்கே காணும் விரித்த உலோகக் கை அப்பாஸுடையது. நம் ஊர் மொஹரத்தில் பஞ்சா எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை புதிதல்ல.

அப்புறம் எப்படி இது ஓவியத்தின் பெயரானது? டெஹ்ரானுக்குத் தெற்கே ரேய் ஊரில் ஷா அப்துல் அஜீம் தர்கா இருக்கிறது. அதன் வாசலில் விற்ற மலிவான பக்திப் படங்களில் ஹுசைன் ஜெந்தெரூதி, பர்வீஸ் தனாவொலி என்ற இரண்டு இளைஞர்களின் மனம் நின்றுவிட்டது. ஜெந்தெரூதி எண்கள், எழுத்துகள், தாயத்துக் கட்டங்களால் தாளை நிறைத்தார். தனாவொலி பூட்டையும் கிராதியையும் சிற்பத்துக்குக் கொண்டுவந்தார். இவற்றைப் பார்த்த விமர்சகர் கரீம் எமாமிக்குத் தெருமூலை சக்காகானேயின் நினைவு வந்தது. அவர் வைத்த பெயரே நிலைத்தது. ஐரோப்பிய பாணியைப் பயின்றவர்கள் சொந்தத் தெருவுக்குத் திரும்பி வந்ததை இதைவிட நன்றாகச் சொல்லும் பெயர் கிடைத்திருக்காது.

எழுத்துகளையே ஓவியமாக்கிய அரபு நாடுகளின் கலை இயக்கமான 'ஹுரூஃபிய்யா'வைத் தமிழாக்குவது எளிது. 'ஹர்ஃப்' என்றால் எழுத்து. எழுத்தோவியம் என்றால் முடிந்தது. சக்காகானே அப்படியல்ல. ஆங்கிலம் வழியாக வந்தால் 'நீரூற்று' என்று எழுதத் தோன்றும். அது தப்பு; பூங்காவில் பீச்சியடிக்கும் தண்ணீர்தான் மனதில் வரும். நம்மிடம் இருக்கும் சரியான சொல் தண்ணீர்ப் பந்தல். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் வைத்தாரே, பெரியபுராணம் சொல்லும் அந்தப் பந்தலும் ஒரு பெரியவரின் பெயரால் அந்நியருக்குக் கொடுத்த தண்ணீர்தான். நம் பந்தல் கோடையோடு பிரிக்கப்படும், அவர்களுடையது சுவரோடு கட்டியது என்ற வித்தியாசம் உண்டு. அதனால் இயக்கத்தைச் சொல்லும்போது 'சக்காகானே' என்றே எழுதி, முதல் முறை மட்டும் பக்கத்தில் 'தண்ணீர்ப் பந்தல்' என்று சேர்த்துவிடலாம்.