விண்டோஸ் இல்லாமல் விண்டோஸ் கேம் எப்படி ஓடுகிறது?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கைமாறி வரும் பழைய லெப்டொப்களில் பலவற்றுக்கு விண்டோஸ் 11 ஏறாது. டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய புரொசெஸரும் வேண்டும் என்று அடம்பிடிக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. சரி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்றால் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி: “ஜிடிஏ 5 ஓடுமாண்ணே?”

ஓடும். எப்படி ஓடுகிறது என்பதுதான் சுவாரசியம்.

கேமின் எக்ஸ்இ கோப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் புரொசெஸருக்கான கட்டளைகள்: இதைக் கூட்டு, அதை ஒப்பிடு, இங்கே தாவு. லினக்ஸ் போட்டாலும் லெப்டொப்பில் இருப்பது அதே புரொசெஸர்தான், அதனால் இவற்றை மாற்ற வேண்டியதில்லை. கோப்பைத் திறப்பது, ஒலி எழுப்புவது போன்ற வேலைகளைத்தான் கேம் தனியாகச் செய்ய முடியாது. விண்டோஸின் டிஎல்எல் கோப்புகளிடம் (மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் தயார் நிரல்கள்) கேட்கும். லினக்ஸில் அவை இல்லை. 1993-இல் தொடங்கிய வைன் திட்டம், அதே பெயரில் அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லும் டிஎல்எல்களைப் புதிதாக எழுதி வைத்திருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த அம்மாயிக்கும் சிங்களத்தில் மட்டும் வேலை நடக்கும் கந்தோருக்கும் நடுவில் நிற்கும் பேத்தி மாதிரி. அம்மாயியும் மாறவில்லை, கந்தோரும் மாறவில்லை.

பெரிய தலைவலி படம் வரைவதில் இருந்தது. விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் டைரக்ட்3டி வழியாகத்தான் கிராஃபிக்ஸ் சில்லுடன் பேசும். டிஎக்ஸ்விகே என்ற மென்பொருள் அந்தப் பேச்சை, லினக்ஸுக்குத் தெரிந்த வல்கன் என்ற கிராஃபிக்ஸ் மொழிக்கு மாற்றுகிறது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் முடிவு செய்யும் ஷேடர் எனும் குட்டி நிரல்களும் இப்படியே மாற்றப்பட்டு, அப்புறம் சில்லுக்கு ஏற்றபடி மீண்டும் தொகுக்கப்பட வேண்டும். முதல் தடவை ஒரு தெருமுனை திரும்பும்போது கேம் சற்றே திக்குவதற்கு இதுதான் காரணம். அடுத்த தடவை சேமித்து வைத்த ஷேடர் கைகொடுக்கும். இவற்றை ஸ்டீம் என்ற கேம் கடைச் செயலி முன்கூட்டியே இறக்கியும் தரும். மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் அந்த வசதியை நிறுத்தி வைப்பது நல்லது. வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்துக் கட்டி, புரோட்டன் என்ற பெயரில் 2018 ஓகஸ்டில் ஸ்டீமுக்குள் வைத்தது வால்வ் நிறுவனம்.

இதில் பழைய லெப்டொப்காரர்களுக்கு ஒரு சோதனை உண்டு. இன்றைய டிஎக்ஸ்விகே வல்கன் 1.3 கேட்கும். 2012-இல் வந்த இன்டெல் எச்டி 4000 சில்லுக்கு லினக்ஸில் உள்ள வல்கன் ஆதரவே அரைகுறை. அதில் கேம் திறக்காவிட்டால் லினக்ஸைத் திட்டுவார்கள். உண்மையில் சில்லுதான் காரணம். வைனில் டைரக்ட்3டியை ஓபன்ஜிஎல் என்ற பழைய கிராஃபிக்ஸ் மொழிக்கு மாற்றும் பழைய பாதை இன்னும் இருக்கிறது. வேகம் குறையும், ஆனால் பல பழைய கேம்களுக்கு அது போதும்.

எந்த லெப்டொப்பானாலும் தடுக்கிற விஷயம் வேறு: ஏமாற்று ஆட்டத்தைப் பிடிக்கும் மென்பொருள். வலோரண்ட் கேமுடன் வரும் வான்கார்ட், விண்டோஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள் டிரைவராக உட்கார்ந்து கண்காணிக்கிறது. வைனோ லினக்ஸின் மேல் ஓடும் சாதாரண மென்பொருள். வான்கார்ட் உட்கார அங்கே விண்டோஸ் கேர்னல் கிடையாது. ஜிடிஏ 5-இன் கதை வேறு. அதன் ஒன்லைன் பகுதிக்கு 2024 செப்டெம்பரில் வந்த பேட்டில்ஐ எனும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், கேம் நிறுவனம் அனுமதித்தால் புரோட்டனிலும் வேலை செய்யும். அந்த அனுமதி தரப்படவில்லை. தனியாக ஆடும் கதைப் பகுதி மட்டும் வழக்கம்போல் ஓடுகிறது.

வலோரண்ட்தான் உயிர் என்பவர் விண்டோஸை அழிக்காமல் இருப்பதே புத்தி. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுபவருக்கு வைன்கூட வேண்டாம், நேரடி லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. ஆனால் அதுவும் வல்கனைத்தான் கேட்கும்.